துப்பாக்கி எந்தக் கையில்?

இந்த இதழில் உங்களைச் சுமார் நூற்றைம்பது வருஷம் பின்னாடி, அமெரிக்காவின் மேற்குப் பக்கம் கூட்டிட்டுப் போகப் போறேன். குதிரை, தொப்பி, துப்பாக்கி எல்லாம் உண்டு. ஆனால் முதலில் ஒரு போட்டோ.

பில்லி த கிட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1881-ல், 21 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு கொலைக் குற்றவாளி. அவனுடையது என்று உறுதியாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் போட்டோ ஒன்று உண்டு. நசுங்கின தொப்பி, தொளதொள ஸ்வெட்டர், ஒரு கையில் தரையில் ஊன்றிய வின்செஸ்டர் துப்பாக்கி. கைத்துப்பாக்கி மட்டும் இடுப்பின் இடது பக்கம் தொங்குகிறது. அப்புறம் என்ன? பில்லி இடதுகைக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். புத்தகங்களில் எழுதினார்கள். 1958-ல் பால் நியூமேன் நடித்து, 'இடதுகைத் துப்பாக்கி' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு ஹாலிவுட் படமே வந்தது.

இப்போ நம்ம டிபார்ட்மென்ட் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து டின்டைப் போட்டோவில் நெகட்டிவ் கிடையாது. ரசாயனம் பூசின மெல்லிய இரும்புத் தகட்டிலேயே நேரடியாகப் படம் விழும். அதனால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக, வலம் இடமாகத்தான் இருக்கும். அதற்கான சாட்சி படத்துக்குள்ளேயே இருக்கிறது. 1873 மாடல் வின்செஸ்டரில் தோட்டா போடுகிற வாசல் வலது பக்கத்தில் மட்டும்தான் உண்டு. படத்தில் அது இடது பக்கம் தெரிகிறது. அப்படியானால் படம் மொத்தமும் திரும்பியிருக்கிறது. துப்பாக்கி இருந்தது வலது இடுப்பில்.

அந்தத் துப்பாக்கியைத் தினமும் கையில் வைத்திருந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள் இருந்த நாடு அது. யாராவது ஒருவர் அந்த வாசலைக் கவனித்திருந்தால் போதும். ஆனால் கதை நன்றாக இருந்தது. இடதுகைக் கொலைகாரன் என்று சொன்னாலே ஒரு கெத்து வருகிறதே! அதனால் பல வருஷம் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. 2011-ல் அந்தத் தகடு ஏலத்தில் 23 லட்சம் டாலருக்குப் போனது.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், பதில் சிவகாசி. எங்கள் வீட்டுப் பரணில் லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் பழைய இதழ்கள் ஒரு கட்டு இருந்தது. டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் கேப்டன் டைகரும் அதில்தான் அறிமுகம். டெக்ஸ் வில்லரை உருவாக்கியது இத்தாலிக்காரர்கள், லக்கி லூக்கை வரைந்தவர் பெல்ஜியக்காரர் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்ததை ஐரோப்பாவில் வரைந்து, சிவகாசியில் தமிழில் அச்சடித்து, நான் மொட்டைமாடியில் படித்திருக்கிறேன். லக்கி லூக் கதைகளில் டால்டன் சகோதரர்கள், ஜெஸ்ஸி ஜேம்ஸ், பில்லி என்று நிஜ ஆட்களின் பெயர்கள் வரும். 'இவங்க நிஜமாவே இருந்தாங்களா?' என்ற கேள்விதான் என்னைப் புத்தகங்கள் பக்கம் தள்ளியது. ஹாஸ்டலுக்கு வந்தபிறகு கல்லூரி வைஃபையின் புண்ணியத்தில் அது முற்றிவிட்டது.

படிக்கப் படிக்க, கொள்ளைக்காரர்களைவிட அவர்களைப் பற்றி எழுதியவர்கள்தான் எனக்குச் சுவாரசியமாகத் தெரிந்தார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கொன்றவரே எழுதிய சரித்திரம்

பில்லியின் இயற்பெயர் ஹென்றி மெக்கார்ட்டி. நியூ மெக்சிகோவில் லிங்கன் கவுன்ட்டி என்ற இடத்தில், கடை வியாபாரமும் மாட்டிறைச்சி ஒப்பந்தமும் யார் கையில் என்று 1878-ல் இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொண்டன. அதில் ஒரு கோஷ்டியின் அடியாள்தான் பில்லி. அவனுக்கு வேலை கொடுத்த டன்ஸ்டல் என்ற ஆங்கிலேயர் பிப்ரவரியில் கொல்லப்பட்டார். ஏப்ரலில் ஷெரீஃப் பிரேடி கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குத்தான் பில்லிக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது. 1881 ஏப்ரல் 28 அன்று இரண்டு காவலர்களைச் சுட்டுவிட்டுத் தப்பினான். ஜூலை 14 இரவு, ஃபோர்ட் சம்னரில் ஒரு இருட்டு அறைக்குள் அவன் நுழைந்தபோது, அங்கே முன்பே உட்கார்ந்திருந்த ஷெரீஃப் பாட் காரெட் அவனைச் சுட்டுக் கொன்றார்.

இருட்டில் ஒளிந்திருந்து சுட்டது வீரமா என்று ஊரில் பேச்சு எழுந்தது. காரெட் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வருஷமே பில்லியின் 'உண்மையான வாழ்க்கை' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் பெரும்பகுதியை அவருக்காக எழுதிக் கொடுத்தவர் ஆஷ் அப்சன் என்ற முன்னாள் பத்திரிகைக்காரர். எதிரி எவ்வளவு பெரியவனோ, அவனை வீழ்த்தியவரும் அவ்வளவு பெரியவர்தானே? அதனால் பில்லி அந்தப் புத்தகத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டான்.

ஒரே ஒரு உதாரணம். பில்லி பிறந்தது 1859 நவம்பர் 23 என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. அப்சனுடைய பிறந்தநாளும் நவம்பர் 23. தகவல் கிடைக்காத இடத்தில் தன்னுடையதையே போட்டு நிரப்பிவிட்டாரோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இன்றுவரை உண்டு. லேப் ரெக்கார்டில் ரீடிங் வராதபோது நாம் செய்கிற அதே வேலை!

அடுத்து, 21 வயதுக்குள் 21 பேரைக் கொன்றான் என்ற பிரபலமான கணக்கு. ஒரு வயதுக்கு ஒரு ஆள். எவ்வளவு அழகாக வந்து பொருந்துகிறது பாருங்கள். ஆவணங்களைச் சல்லடை போட்டுச் சலித்தவர்கள் தருகிற கணக்கு, அவன் தனியாகக் கொன்றது நான்கு, மற்றவர்களோடு சேர்ந்து கொன்றதில் பங்கு ஐந்து. மொத்தம் ஒன்பதுக்கு மேல் போகவில்லை. ஒன்பதும் சின்ன எண்ணிக்கை இல்லை. ஒன்பது வீட்டில் ஒப்பாரி. ஆனால் விற்கிற எண் 21 தான்.

காரெட்டின் புத்தகம் அன்று பெரிதாக விற்கவில்லை. ஆனால் பின்னால் எழுத வந்தவர்களுக்கு அதுதான் மூல ஆவணம். 1926-ல் வால்டர் நோபிள் பர்ன்ஸ் எழுதிய புத்தகம் பில்லியை மறுபடியும் நாடு முழுக்கப் பிரபலமாக்கியது. அங்கிருந்து சினிமா. காரெட்டுக்குப் பிறகு வந்தவர் காரெட்டை மேற்கோள் காட்டினார், அவருக்குப் பிறகு வந்தவர் அவரைக் காட்டினார். ஒரே அசைன்மென்ட்டை ஹாஸ்டல் முழுக்க காப்பி அடித்தால் தப்பான விடையும் அறுபது பேர் நோட்டில் ஒரே மாதிரி இருக்குமே, அந்தக் கதைதான்.

மூன்று பத்தாகும் விதம்

வைல்ட் பில் ஹிக்காக் இன்னொரு பெரிய பெயர். இவர் சட்டத்தின் பக்கம். 1861 ஜூலையில் நெப்ராஸ்காவில் ராக் கிரீக் என்ற இடத்தில் ஒரு தகராறு நடந்தது. செத்தவர்கள் மூன்று பேர். ஹிக்காக் அங்கே தனியாகவும் இல்லை, கூட ஆட்கள் இருந்தார்கள். 1867 பிப்ரவரியில் ஹார்ப்பர்ஸ் மாத இதழில் இவரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் இவர் ஒற்றை ஆளாகப் பத்துப் பேரை அடித்து வீழ்த்திவிட்டார். கிழக்கே நியூயார்க்கில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு நெப்ராஸ்கா போய்ச் சரிபார்க்கவா முடியும்?

அதே ஹிக்காக் 1871-ல் கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் ஊருக்கு மார்ஷலாக இருந்தார். அக்டோபர் மாதம் ஒரு இரவு, தெருச் சண்டையில் ஒருவரைச் சுட்ட கையோடு, தன்னை நோக்கி யாரோ ஓடி வருவதைப் பார்த்து அவரையும் சுட்டார். ஓடி வந்தவர் உதவிக்கு வந்த இவருடைய ஆள், மைக் வில்லியம்ஸ். அந்த வருஷக் கடைசியில் ஊர் நிர்வாகம் ஹிக்காக்கை வேலையை விட்டு அனுப்பியது. வில்லியம்ஸின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹிக்காக்குக்கு அப்புறம் சிலைகூட உண்டு.

முப்பது வினாடி

எல்லாவற்றிலும் பெரிய சண்டை என்றால் ஓ.கே. கொரால். 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊர். வையாட் ஏர்ப், அவருடைய சகோதரர்கள் வர்ஜில், மார்கன், நண்பர் டாக் ஹாலிடே ஒரு பக்கம். கிளாண்டன், மெக்லாரி ஆட்கள் எதிர்ப்பக்கம். சுமார் முப்பது வினாடி, சுமார் முப்பது குண்டு, மூன்று பிணம். நம்ம லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வந்து சேருகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சண்டை நடந்த இடம் ஓ.கே. கொரால் கிடையாது. ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலிருந்த குறுகலான காலி மனை. 'காலி மனைச் சண்டை' என்று போஸ்டர் ஒட்டினால் யார் வருவார்கள்? 1957-ல் வந்த படத்தின் தலைப்பு அந்தப் பெயரை நிரந்தரமாக்கிவிட்டது. அன்றைக்கு ஊரின் போலீஸ் தலைவர் வையாட் கூட இல்லை, அவருடைய அண்ணன் வர்ஜில். வையாட் தற்காலிக உதவி ஆள்.

சண்டைக்குக் காரணம் என்ன தெரியுமா? ஊருக்குள் ஆயுதம் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது என்று டூம்ஸ்டோனில் ஒரு சட்டம் இருந்தது. எதிராளிகள் ஆயுதத்தோடு நிற்கிறார்கள் என்று தகவல் வர, அதைப் பறிமுதல் செய்யத்தான் வர்ஜில் போனார். இடுப்பில் துப்பாக்கியோடு சுற்றுகிற சுதந்திரத்தின் அடையாளமாக உலகம் கொண்டாடுகிற சண்டை, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற நகராட்சி விதியை அமல்படுத்தப் போனதால் வந்தது. இது பல பிரபல புத்தகங்களில் ஒரு வரியில் கடந்துபோகும். எனக்கோ, மொத்தக் கதையிலும் முக்கியமான வரி அதுதான் என்று படுகிறது.

வையாட் 1929 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் படுக்கையில் கிடந்து இறந்தார். 1931-ல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. வையாட் வாயால் சொன்னதாகப் பக்கம் பக்கமாக அதில் வசனங்கள். நிஜத்தில் அவர் அதிகம் பேசாதவர், அந்தப் பேச்செல்லாம் தன் கைவரிசை என்று லேக்கே பின்னால் ஒப்புக்கொண்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு துப்பாக்கி வரும். நெட் பன்ட்லைன் என்ற மலிவுவிலை நாவலாசிரியர், வையாட் உட்பட ஐந்து பேருக்கு நீளக் குழல் வைத்த கோல்ட் கைத்துப்பாக்கிகளைத் தனியாகச் செய்யச் சொல்லிப் பரிசளித்தாராம். கோல்ட் கம்பெனியின் பழைய பதிவேடுகளில் அப்படி ஒரு ஆர்டருக்குத் தடயமே இல்லை. ஆனால் 1955-ல் வையாட் ஏர்ப் டிவி தொடர் வந்ததும், மக்கள் அந்தத் துப்பாக்கியைக் கேட்க ஆரம்பித்தார்கள். கோல்ட் கம்பெனியும் 12 அங்குலக் குழலோடு 'பன்ட்லைன் ஸ்பெஷல்' என்று பெயர் போட்டு நிஜமாகவே தயாரித்து விற்றது! கதையில் மட்டும் இருந்த ஒரு பொருளுக்கு டிராயிங் போட்டு, லேத்தில் கடைந்து, பில் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கல் நண்பர்களே, ரிவர்ஸ் இன்ஜினியரிங்கில் இதற்கு மேல் ஏதாவது உண்டா?

யாருக்கு யார் ஹீரோ

இதுவரை சொன்னது சிரிக்கிற விஷயம். ஜெஸ்ஸி ஜேம்ஸ் கதையில் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

பணக்காரனிடம் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று ஜெஸ்ஸிக்குப் பெயர். கடனில் தவித்த ஒரு விதவைக்குப் பணம் கொடுத்து, வசூலிக்க வந்தவனை வழியில் மறித்து அதே பணத்தைத் திரும்பப் பிடுங்கிய கதை ரொம்பப் பிரபலம். அதே கதையை வேறு பல கொள்ளைக்காரர்கள் பெயரிலும் சொல்கிறார்கள். ஜெஸ்ஸியின் கும்பல் கொள்ளைப் பணத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? மிசௌரியில் அடிமைகளை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் ஜெஸ்ஸி. உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கச் சண்டையிட்ட தெற்குத் தரப்புக்காக, பதினாறு வயதில் கொரில்லாப் படையில் சேர்ந்தார். போர் தோற்றது. அந்தப் படையில் இருந்தவர்கள் சிலர் பேங்க் கொள்ளையில் இறங்கினார்கள். ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்ற கான்சாஸ் சிட்டி பத்திரிகை ஆசிரியரும் தோற்ற தரப்பின் முன்னாள் ராணுவ அதிகாரி. 1872-ல் ஒரு பொருட்காட்சியின் டிக்கெட் பணத்தை மூன்று பேர் கொள்ளையடித்தார்கள். கலவரத்தில் ஒரு சிறுமிக்குக் காயம். எட்வர்ட்ஸ் அதைப் பழங்கால வீரர்களின் சாகசத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து எழுதினார். ஜெஸ்ஸியின் பெயரில் கடிதங்களும் பத்திரிகையில் வந்தன. தோற்றுப்போன ஒரு அரசியலுக்கு ஒரு குதிரைவீரன் தேவைப்பட்டான். கிடைத்தான்.

எதிர்ப்பக்கமும் சுத்தம் இல்லை. 1875 ஜனவரியில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் ஜெஸ்ஸியின் அம்மா வீட்டுக்குள் ஒரு வெடிப்பொருளை வீசினார்கள். ஜெஸ்ஸி அங்கே இல்லை. அவருடைய சின்னத் தம்பி இறந்தான், அம்மா ஒரு கையை இழந்தார். ஜெஸ்ஸி மேல் ஊரின் அனுதாபம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கொள்ளைக்காரன் ஹீரோ ஆக, எழுதுகிறவர் மட்டும் போதாது. எதிரில் இருப்பவரும் உதவ வேண்டும்.

'எல்லாமே புருடா'வும் புருடாதான்

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று தோன்றலாம். 'சரி பாஸ், அப்போ மொத்தமும் பொய், வைல்ட் வெஸ்ட்னு ஒண்ணு கிடையாது, அப்படித்தானே?' இந்தப் பக்கம் சாய்கிற புத்தகங்களும் இப்போ நிறைய வருகின்றன. கொஞ்சம் பொறுங்கள்.

ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் 1968-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகள் ரயிலேற வந்து சேர்ந்த ஐந்து கான்சாஸ் ஊர்களில், டாட்ஜ் சிட்டியும் சேர்த்து, 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகள் மொத்தம் 45. ஒரு ஊருக்கு ஒரு சீசனுக்குச் சராசரி 1.5. சினிமாவில் இடைவேளைக்கு முன்னாடியே இதைவிட அதிகம் விழுந்துவிடும். அதனால் பலரும், 'பார்த்தீங்களா, அமைதியான ஊர்' என்று எழுதினார்கள்.

ஆனால் வேறு சில ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஊரில் இருந்ததே எத்தனை பேர்? ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் வருஷத்துக்கு ஒரு கொலை என்றால், இன்று நாம் குற்ற விகிதம் சொல்கிற முறையில் அது லட்சத்துக்கு நூறு. பயங்கரமான எண். அதற்கு எதிர்த்தரப்பின் பதில்: இவ்வளவு சின்ன எண்ணை வைத்து விகிதம் போடுவதே தப்பு, ஒரே ஒரு சாவு கூடினால் விகிதம் இரட்டிப்பாகிவிடும். புள்ளியியல் பேப்பரில் சாம்பிள் சைஸ் பற்றிப் படித்துவிட்டு 'இது எங்கே உதவப் போகுது' என்று கேட்டோமே, இங்கே உதவுகிறது. இரண்டு பேரும் வைத்திருப்பது ஒரே 45 தான். இரண்டு தலைப்புச் செய்தியும் அதிலிருந்தே வருகிறது.

கதை கிடைக்காத ஆள்

இப்போ நான் உண்மையிலேயே சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். பாஸ் ரீவ்ஸ்.

1838-ல் ஆர்கன்சாஸில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தப்பி, இன்றைய ஓக்லஹோமாவாக இருக்கிற பூர்வகுடிகளின் நிலப்பகுதிக்குப் போய் அவர்களோடு வாழ்ந்தார், அவர்கள் மொழியும் பழகினார். 1875-ல் ஃபோர்ட் ஸ்மித் கோர்ட்டுக்கு நீதிபதி ஐசக் பார்க்கர் வந்தபோது, துணை மார்ஷல்கள் நிறையத் தேவைப்பட்டார்கள். ரீவ்ஸ் சேர்ந்தார். 32 வருஷம் வேலை பார்த்தார். மூவாயிரம் பேருக்கு மேல் கைது செய்ததாக அவரே சொன்னதாகப் பதிவு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்ட்டுகளை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, எந்தத் தாள் யாருக்கு என்று மனசில் பதித்துக்கொண்டு கிளம்புவார்.

அந்த வேலையில் மாதச் சம்பளம் கிடையாது. போன மைலுக்கு இவ்வளவு, கைதுக்கு இவ்வளவு, கைதிகளுக்குச் சாப்பாட்டுச் செலவு இவ்வளவு என்று கணக்கு எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். ஆளை உயிரோடு கொண்டு வந்தால்தான் பணம். பிரபல புத்தகங்கள் 'எத்தனை பேரைக் கொன்றார்' என்று எண்ணுகின்றன. கோர்ட் எண்ணியது எத்தனை பேரை உயிரோடு கொண்டு வந்தார் என்பதை.

அவரும் புனிதர் இல்லை. 1884-ல் முகாமில் சமையல்காரர் ஒருவர் இவருடைய துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றார் ரீவ்ஸ். 1887-ல் கொலை வழக்கு நடந்து விடுதலையானார். 1902-ல் அவருடைய மகன் பென்னி, தன் மனைவியைக் கொன்றுவிட்டான். அந்த வாரண்ட்டை ரீவ்ஸ் தானே கேட்டு வாங்கிப் போய், மகனைப் பிடித்துக் கொண்டு வந்து ஒப்படைத்தார். மகனுக்கு ஆயுள் தண்டனை.

1907-ல் ஓக்லஹோமா மாநிலமானது. புதிய சட்டமன்றம் போட்ட முதல் சட்டமே ரயிலில் கறுப்பர்களுக்குத் தனிப்பெட்டி. ரீவ்ஸின் மார்ஷல் வேலை முடிந்தது. மஸ்கோகி ஊரில் சாதாரணப் போலீஸ்காரராக இரண்டு வருஷம் இருந்துவிட்டு, 1910 ஜனவரியில் இறந்தார். ஏர்ப்புக்கு ஒரு லேக் கிடைத்தார், ஜெஸ்ஸிக்கு ஒரு எட்வர்ட்ஸ். ரீவ்ஸுக்கு யாரும் வரவில்லை. ஆர்ட் பர்ட்டன் என்பவர் கோர்ட் ஆவணங்களைத் தோண்டி எழுதிய முழு வாழ்க்கை வரலாறு வந்தது 2006-ல். ஃபோர்ட் ஸ்மித்தில் சிலை வைத்தது 2012-ல்.

இப்போ என்ன நடக்கிறது தெரியுமா? முகமூடி போட்ட 'லோன் ரேஞ்சர்' ஹீரோவுக்கு நிஜ மாடல் ரீவ்ஸ்தான் என்று மீம்கள் சுற்றுகின்றன. அதற்கு நேரடி ஆதாரம் இல்லை. தாமதமாக வந்தவரையும் அதே மெஷின் உள்ளே இழுத்துப் போட்டு அரைக்க ஆரம்பித்துவிட்டது.

என் அப்பா தலைமைக் காவலர். பல வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவர். போன லீவில் ரீவ்ஸ் கதையை அவரிடம் சொன்னேன். மூவாயிரம் கைது என்றபோது அவர் முகத்தில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. அவர் கேட்ட கேள்விகள் வேறு.

"கைதியை எத்தனை மைல் கூட்டிட்டுப் போவாரு? கூட எத்தனை பேரு?"

"சில சமயம் நூத்துக்கணக்கான மைல்பா. வண்டி, சமையல்காரர், ஒண்ணு ரெண்டு ஆளுங்க."

"ராத்திரி யாரு முழிச்சிருப்பா?"

எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகமும் அதை விலாவாரியாகச் சொல்லி நான் படித்ததில்லை. அப்பா வழிக்காவல் டூட்டி பார்த்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸில் கைதி பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது அவன் தூங்கினாலும் நாம் தூங்க முடியாது, அவனுக்குப் பசித்தால் நம் காசில் முதலில் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பில் எழுத வேண்டும், என்று. பென்னி கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "வேற ஆள் போயிருந்தா பையன் உயிரோட வந்திருப்பானான்னு யோசிச்சிருப்பாரு" என்றார்.

கடமைக்காக மகனையே பிடித்த மாமனிதர் என்றுதான் நான் படித்த எல்லாப் பக்கங்களிலும் இருந்தது. ஒரு கறுப்பின இளைஞன், கொலைக் குற்றம், துப்பாக்கியோடு தேடிப்போகும் கூட்டம். அப்பன் போனால் உயிரோடு வருவான். இது சரியா என்று நிரூபிக்க என்னிடம் தாள் இல்லை. ஆனால் முப்பது வருஷம் அதே மாதிரி வேலை பார்த்தவருக்கு அந்த இடத்தில் முதலில் தெரிந்தது இதுதான்.

"எல்லாம் கோர்ட் ரெக்கார்டுல இருக்குப்பா" என்று நான் பெருமையாகச் சொன்னதற்கும் ஒரு பதில் வந்தது. "ரெக்கார்டை எழுதறது நாங்கதான்டா. நடந்ததும் இருக்கும், நடந்த மாதிரி எழுதினதும் இருக்கும். யாரு எழுதினா, எதுக்கு எழுதினான்னு பார்த்துப் படி."

இதைவிட நல்ல வரலாற்று வகுப்பு எனக்கு யாரும் எடுத்ததில்லை. காரெட் எழுதியது தன் பெயரைக் காப்பாற்ற. ஹார்ப்பர்ஸ் எழுதியது இதழ் விற்க. எட்வர்ட்ஸ் எழுதியது கட்சிக்காக. லேக் எழுதியது சாகசம் தேடும் வாசகருக்காக. ரீவ்ஸின் கணக்குத் தாள் எழுதப்பட்டது செலவுப் பணம் வாங்க. அதனால் அந்தத் தாளில் மைல்களைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாம், ஆனால் இல்லாத பத்துப் பேரைக் கொன்றிருக்க அவசியம் இல்லை.

அதற்காக இந்தப் புத்தகங்களைப் படிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படியுங்கள், எனக்கு இரவல் கொடுங்கள். எண் ரொம்ப அழகாக வந்து பொருந்தினால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். யாருமில்லாத அறையில் பேசிய வசனம் மேற்கோள் குறிக்குள் வந்தால் நில்லுங்கள். செத்தவனுக்குப் பெயர் இல்லாவிட்டால் கண்டிப்பாக நில்லுங்கள். பிளேஸ்மென்ட் சீசனில் சீனியர்கள் சொல்கிற 'ஒரே ராத்திரியில் படிச்சு ஆஃபர் வாங்கின' கதைகளுக்கும் இதே சோதனை செல்லும்.

நான் இப்போ ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அப்பாவிடம் ஒரு டூட்டி பற்றிக் கேட்டு எழுதுகிறேன். பக்கத்தில் மூன்று கட்டம்: அப்பா சொன்னது, தாளில் இருப்பது, மற்றவர் சொல்லக் கேட்டது. இதுவரை பதினோரு பக்கம். யாரும் யாரையும் சுடவில்லை. திருவிழா பந்தோபஸ்து, காணாமல்போய்க் கிடைத்த ஒரு குழந்தை, மழையில் நனைந்த ஒரு கேஸ் கட்டு, அதை இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்தது. இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு லைன்மேன், ஒரு நர்ஸ், ஒரு கண்டக்டர் இருப்பார். செமஸ்டர் லீவு வருகிறது. கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். எண்ணிக்கையை மட்டும் ஏற்றாதீர்கள் மக்களே.